அளப்பது மனத்தையா, சொல்லையா?

சில ஆண்டுகளுக்கு முன்னர், என் பொறுப்பில் இருந்த தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர் பதினொருவர் 'தன்மதிப்புக் குன்றியோர்' என்று பட்டியலிடப்பட்டனர். அப்பட்டியலின் அடியில் தலைமையாசிரியன் என்ற முறையில் கையெழுத்திட்டவன் நான். அதற்கு அடிப்படையாக அமைந்த வினாநிரலைத் தமிழாக்கம் செய்தவனும் நானே. அப்பட்டியல் பிழையுடையது என்பதை இன்று அறிவேன். பிழை பிள்ளைகளின் மனத்தில் இல்லை. நான் எழுதிய சொற்களில் இருந்தது. இதனை எழுதினால் ஆசிரியப் பெருமக்களுள் சிலர் சினங்கொள்வர் என்பதும் தெரியும். கொள்ளட்டும்.

மாணவர் மனத்தை அளக்கும் தாள்கள் இப்போது பள்ளிகளில் பெருகிவிட்டன. மலேசியாவில் ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. அதற்கு முன்பே, தொடக்கப் பள்ளி மதிப்பீட்டின் உறுப்புகளுள் ஒன்றாக உளவியல் மதிப்பீடும் இடம்பெற்றிருந்தது. இவையன்றி, பட்ட மேற்படிப்பு ஆய்வுக்கென வருவோர், தன்முனைப்புப் பயிலரங்கு நடத்துவோர், அறநிறுவனத்தார் எனப் பலரும் ஆளுக்கொரு வினாநிரலைக் கையில் ஏந்தி வருகின்றனர். வந்தவரை வரவேற்று, வகுப்பைத் திறந்துவிட்டு, தேநீர் கொடுத்து அனுப்புகிறோம். 'இக்கூற்றின் பொருள் என்ன? பத்து வயதுப் பிள்ளை இதனை எவ்வாறு படிக்கும்?' என்று ஒருவரையேனும் கேட்டிருக்கிறோமா?

தேர்வு வினா என்றால் மட்டும் நாம் புலிகள். பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற காலத்தில் வினாத்தாள் அமைக்கும் பாடத்தை நடத்திய விரிவுரையாளர், 'பின்வருவனவற்றுள் எது சரியன்று?' என்று எழுதினால் 'அன்று' என்னும் சொல்லின்கீழ்க் கோடிடாத தாளைத் திருப்பி எறிந்துவிடுவார். எதிர்மறையை மாணவன் கவனியாமல் விட்டால் அவனது அறிவியல் அறிவை அளந்ததாகாது, கண்ணின் கூர்மையை அளந்ததாகும் என்பார். அந்தப் பாடத்தை நாம் மறக்கவில்லை. அறிவியல் வினாவுக்குக் கோடிடுகிறோம். ஒரு குழந்தை தன்னைப் பற்றி என்ன எண்ணுகிறது என்று கேட்கும் வினாவுக்கு மட்டும் அந்த நெறி வேண்டாவாம். ஏனெனில் அது 'உலகத் தரம் வாய்ந்த கருவி'.

எங்கள் பள்ளிக்கு வந்த வினாநிரல், மாரிஸ் ரோசன்பர்க் என்னும் அமெரிக்கச் சமூகவியலார் 1965இல் வெளியிட்ட தன்மதிப்பு அளவையைத் தழுவியது. நியூயார்க் மாநிலத்தின் பத்து உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரிடம் அவர் அந்த அளவையைப் பயன்படுத்தினார். பத்துக் கூற்றுகள், ஐந்து தன்னை உயர்த்திச் சொல்வன, ஐந்து தன்னைத் தாழ்த்திச் சொல்வன. ஒவ்வொன்றுக்கும் மிகவும் உடன்படுகிறேன் என்பது முதல் சிறிதும் உடன்படவில்லை என்பது வரை நான்கு விடைகள். உயர்த்திச் சொல்வனவற்றுக்கு 3, 2, 1, 0 என்று புள்ளி. தாழ்த்திச் சொல்வனவற்றுக்கு அதனைத் திருப்பி 0, 1, 2, 3. மொத்தம் 30. உலகில் மிகுதியாகப் பயன்படுத்தப்படும் உளவியல் அளவைகளுள் ஒன்று அது. ரோசன்பர்க்கைக் குறைசொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, நோக்கமும் இல்லை. பதினாறு, பதினேழு வயது அமெரிக்க மாணவர்க்கு அவர் ஆங்கிலத்தில் எழுதியதை, பத்து வயதுத் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் கொடுத்துவிட்டு, அதே பெயரால் அதே புள்ளியைக் கணக்கிட்டவர்கள் நாம்.

இனி அந்தப் பதினொருவருள் ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். வகுப்பில் வாய் ஓயாதவள். சபைக்கூட்டத்தில் கதை சொல்லப் பெயர் கேட்டால் முதலில் எழும் கை அவளுடையது. அவளுக்குக் கிடைத்தது 30க்கு 13. ஆலோசக ஆசிரியை தாயாரை அழைத்தார். தொழிற்சாலையில் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த அந்த அம்மையார் என் மேசைக்கு எதிரே உட்காராமல் நின்றபடியே கேட்டார்: "ஐயா, என் மகளுக்கு என்ன நோய்?" மகளும் பக்கத்தில் நின்று அதனைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அவளது தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கூற்றாக அவளையே படிக்கச் சொல்லி, 'இதற்கு என்னம்மா பொருள்?' என்று கேட்டேன். தாளைக் கொடுப்பதற்கு முன்னர்ச் செய்திருக்க வேண்டிய வேலை அது.

மூன்று கூற்றுகளுக்கு அவள் சுழியம் வாங்கியிருந்தாள். முதலாவது, தன்மீது தனக்கு இன்னும் மதிப்பு மிகவேண்டும் என்று விரும்புவதாகச் சொல்லும் கூற்று. அளவையின் கணக்கில் இது தாழ்வைக் காட்டுவது. இப்போது மதிப்பு இல்லாதவன்தானே மதிப்பை விரும்புவான் என்பது அதன் உள்ளுரை. அவள் சொன்னாள்: "இன்னும் நல்ல பிள்ளையாக வர எனக்கு ஆசை இருக்கிறதே, ஐயா." இரண்டாவது, தான் பெருமைப்படத் தன்னிடம் மிகுதியாக எதுவும் இல்லை என்பது. "பெருமை அடித்துக்கொள்ளக் கூடாது என்று பாட்டி சொல்லுவாங்க." அடக்கமுடைமை என்று திருக்குறளில் ஓர் அதிகாரம் வைத்து, அதனைப் பள்ளியில் மனப்பாடமும் செய்வித்துவிட்டு, அடக்கமாக விடை எழுதிய பிள்ளைக்குப் புள்ளியைக் குறைக்கிறோம்.

மூன்றாவதுதான் என்னைத் தலைகுனிய வைத்தது. மூலத்தில் எளிய கூற்று அது. சில வேளைகளில் தான் பயனற்றவன் என்று தோன்றுவதாகச் சொல்வது. அதனை நான் எவ்வாறு தமிழாக்கியிருந்தேன் தெரியுமா? 'சில வேளைகளில் நான் பயனற்றவர் அல்லர் என்று என்னால் எண்ண இயலுவதில்லை.' எழுதியபோது எனக்கு அது நடைநயம் மிக்கதாகத் தோன்றியது. ஒரே வரியில் மூன்று எதிர்மறை! 'நான்' என்று தொடங்கி 'அல்லர்' என்று முடித்த இலக்கண வழுவை விட்டுவிடுகிறேன். அதனைக் கண்டிருந்தாலாவது வரியைத் திருப்பிப் பார்த்திருப்பேன். அவள் 'பயனற்றவர் அல்லர்' என்பதைப் படித்தாள். தான் பயனற்றவள் அல்லள் என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை. 'மிகவும் உடன்படுகிறேன்' என்று கட்டத்தில் அழுத்திக் குறியிட்டாள். அளவை அதனை எடுத்துக்கொண்டு, இப்பிள்ளை தன்னைப் பயனற்றவளாகக் கருதுகிறாள் என்று எழுதிற்று. அதன் அடியில் நான் கையெழுத்திட்டேன்.

அம்மூன்று கூற்றுகளையும் நீக்கி எஞ்சிய ஏழினை மட்டும் கணக்கிட்டேன். 21க்கு 13. நூற்றுக்கு நாற்பத்து மூன்றாக இருந்தது அறுபத்திரண்டாயிற்று. பிள்ளையிடம் எந்த மாற்றமும் இல்லை.

இது ஒரு மூலையில் நடந்த விபத்து என்று எண்ண வேண்டா. மதிப்பை விரும்பும் அந்தக் கூற்று, சீன மொழிபெயர்ப்பில் உயர்வைக் காட்டும் கூற்றாகவே கொள்ளப்படுகிறது என்றும், அதனைத் திருப்பிக் கணக்கிடுவது பிழை என்றும் செங், ஹமீது என்னும் இருவர் 1995இலேயே எழுதினர். டேவிட் ஷ்மிட்டும் யூரி அல்லிக்கும் 53 நாடுகளில், 28 மொழிகளில், ஏறத்தாழ 17,000 பேரிடம் இதே அளவையை நடத்தி 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். எதிர்மறையாக அமைந்த கூற்றுகளை எல்லா நாட்டினரும் ஒரே வகையில் பொருள்கொள்ளவில்லை என்பதனை அவர்களும் சுட்டினர். தொழிலறிந்தோர் இவ்வாறு எச்சரித்திருக்க, 'தரப்படுத்தப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டதும் நாம் வாயடைத்துப் போகிறோம்.

எதிர்மறைக் கூற்றுகளை ஏன் வைக்கிறார்கள் என்பதற்கு நல்ல காரணம் ஒன்று உண்டு. அதனை மறைத்து வழக்காடுவது முறையாகாது. எதைக் கேட்டாலும் தலையசைக்கும் இயல்பு மனிதர்க்கு உண்டு. லீ குரோன்பாக் 1946இல் இத்தகைய விடைப்போக்குகளைப் பற்றி விரிவாக எழுதினார். எல்லாக் கூற்றும் ஒரே திசையில் இருந்தால், தலையாட்டிக்கு உயர்ந்த புள்ளி வந்துவிடும். ஆகவே பாதிக் கூற்றுகளைத் திருப்பி வைத்தனர். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக்கும் 'மிகவும் உடன்படுகிறேன்' என்று குறியிடும் பிள்ளைக்கு ஐந்தில் மும்மூன்று, ஐந்தில் சுழியம், ஆக 15. பத்தையும் ஆய்ந்து படித்து, தன்னைப் பற்றி நடுத்தரமாக எண்ணும் பிள்ளைக்கும் ஏறத்தாழ அதே 15. தாளைப் படியாதவனும் படித்தவனும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். தலையாட்டியைத் திருத்தும் வழி இதுதானா?

அதனினும் கொடுமை ஒன்றுண்டு. ஹெர்பர்ட் மார்ஷ் 1986இல் பதின்ம வயதை எட்டாத பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார். வயதில் இளையோரும் வாசிப்பில் பின்தங்கியோரும் எதிர்மறைக் கூற்றுகளுக்குப் பொருந்த விடையளிக்க இயலாமல் இடர்ப்படுகின்றனர் என்று கண்டார். அதாவது, தன்னைப் பற்றி நல்லெண்ணம் உடைய பிள்ளையே ஆயினும், வாசிப்பில் மெதுவானவனாயின் அவனது புள்ளி இறங்கும். நாம் 'தன்மதிப்பு' என்று பெயரிட்டுப் பதிவேட்டில் எழுதுவது வாசிப்புத் திறத்தையே. என் பட்டியலின் பதினொருவருள் எண்மர் தமிழ் வாசிப்பில் கீழ்நிலையினர். அப்போதே அது என் கண்ணில் பட்டது. வாசிப்பில் தாழ்ந்தவர்க்குத் தன்மதிப்பும் தாழ்வது இயல்புதானே என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். பிழையான அளவையின் பக்கம் நின்று காரணம் கற்பிப்பது எத்துணை எளிது!

தமிழாசிரியர்க்கென்று இங்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். எதிர்மறை எல்லா மொழியிலும் கடினம். ஆயினும் தமிழில் அது அமரும் இடம் வேறு. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் வினைக்கு முன்னரே வந்து எச்சரித்துவிடும். நம் மொழியில் வினை ஈற்றில் வரும். மறுப்பும் அதனோடு ஒட்டி ஈற்றிலேயே வரும். 'நான் வகுப்பில் மற்றவர்களைப் போல மகிழ்ச்சியாக இருப்பதில்லை' என்பதில் மகிழ்ச்சி வரை படித்த பிள்ளை, எஞ்சியதை ஊகித்துக்கொண்டு குறியிடப் போய்விடுகிறது. செந்தமிழ் வடிவங்களோ இன்னும் நுண்ணியவை. 'அறிவேன்' என்பதற்கும் 'அறியேன்' என்பதற்கும் இடையே வேறுபடுவது ஓரெழுத்து. எதிர்மறை ஆகாரம் கெட்டு வந்தது என்று நமக்கு இலக்கணம் தெரியும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு அவ்வோரெழுத்தில் அவனது மனநிலையின் தீர்ப்பு தொங்குகிறது என்பது தெரியுமா?

'இல்லை' என்னும் சொல்லைப் பாருங்கள். "உனக்கு நண்பர்கள் இல்லையா?" என்று கேட்டால், நண்பர் அற்ற பிள்ளையும் "இல்லை" என்கிறது, "இல்லை, இருக்கிறார்களே" என்று சொல்ல வந்த பிள்ளையும் "இல்லை" என்றே தொடங்குகிறது. பேச்சில் குரலும் முகமும் நமக்கு வழிகாட்டும். தாளில் குரல் ஏது? 'எனக்கு நண்பர்கள் இல்லை' என்னும் கூற்றுக்கு எதிரே 'உடன்படவில்லை' என்னும் கட்டம் இருந்தால், நண்பர் பலரை உடையவன் இல்லையை இல்லை என்று மறுத்துத் தன் நண்பர்களைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது!

'கவலை' என்னும் சொல் மற்றோர் எடுத்துக்காட்டு. நாளை என்ன நேருமோ என்ற அச்சத்தைக் கேட்க எண்ணி அதனை எழுதுவோம். நம் பிள்ளைகள் பலர்க்குக் கவலை என்றால் அழுத முகம், துயரம். அச்சத்தைக் கேட்டோம், துயரத்தை எழுதினார்கள். அறிக்கையில் மட்டும் அச்சம் என்றே அச்சாகும்.

'சிறுபிள்ளைகள் தடுமாறுவர், பெரியோர் தடுமாறார்' என்பார் உளர். 1941இல் டொனால்டு ரக் என்பார் வெளியிட்ட சிறு ஆய்வை அவர்கட்கு நினைவூட்டுவேன். மக்களாட்சிக்கு எதிரான பேச்சுகளை அமெரிக்கா 'அனுமதிக்க வேண்டுமா' என்று ஒரு சாராரிடமும், 'தடைசெய்ய வேண்டுமா' என்று வேறொரு சாராரிடமும் கேட்டனர். அனுமதிக்கக் கூடாது என்றோர் 62 விழுக்காடு. தடைசெய்ய வேண்டும் என்றோர் 46 விழுக்காடு. அனுமதியாமையும் தடையும் ஒன்றுதானே என்று ஏரணம் படித்தவர் சொல்லலாம். விடைசொன்ன மக்களுக்குத் 'தடை' என்ற சொல் கடுமையாகப் பட்டது, சிலர் பின்வாங்கினர். சொல்கூட வேண்டா, எண்ணே போதும். ஜெர்மனியில் நார்பர்ட் ஷ்வார்ஸும் அவர்தம் குழுவினரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்வில் எவ்வளவு வெற்றி பெற்றீர் என்று வளர்ந்தோரிடம் கேட்டனர். 0 முதல் 10 வரை எண்ணிட்ட அளவில் நடுப்புள்ளியிலும் அதன் கீழும் குறியிட்டோர் 34 விழுக்காடு. அதே பதினொரு கட்டங்களுக்குக் கழித்தல் 5 முதல் கூட்டல் 5 வரை எண்ணிட்டபோது அப்பகுதியில் குறியிட்டோர் 13 விழுக்காடே. கழித்தல் குறியைக் கண்டதும், தாம் தோற்றுப்போனோம் என்று சொல்ல மனம் வரவில்லை.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கத்தான் மீள்மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்று ஆய்வாளர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். தமிழாக்கியதை இன்னொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்புவார்; மூலத்தோடு ஒத்தால் தேர்ச்சி. அம்முறையைப் பற்றி 1970இல் விளக்கமாக எழுதியவர் ரிச்சர்டு பிரிஸ்லின். அவரே, மூலக் கூற்றுகள் சிறியனவாக, செய்வினையில், உருவகம் இன்றி அமைய வேண்டும் என்று நெறிகளும் வகுத்தார். முறையைப் பற்றிக்கொண்டவர்கள் நெறிகளை விட்டுவிட்டார்கள். ஆங்கிலத்தின் எலும்பைத் தமிழ்த் தோலால் போர்த்தினால், அது மீண்டும் ஆங்கிலமாகத் திரும்புவதில் வியப்பென்ன? என் மூன்று எதிர்மறை வரியையும் ஆங்கிலம் கற்ற நண்பர் ஒருவர் பொறுமையாகப் பிரித்து, மூலத்தின் பொருளுக்கு வெகு அருகில் கொண்டு சேர்த்தார். தேர்ச்சி கிடைத்தது. திருப்புகிறவர் இருபுறமும் அறிந்தவர். பிள்ளை ஒருபுறம் மட்டுமே நிற்கிறது.

'அப்படியானால் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்டுவிடலாமே' என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரே என்னிடம் கூறினார். வருந்தினேன். ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளை இந்நாட்டில் நடத்திக்கொண்டு, ஒரு பிள்ளையிடம் 'நீ நலமா' என்று தமிழில் கேட்க நமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதா? குறை தமிழில் இல்லை. கலைச்சொல் கோத்து, மூலத்துக்கு உண்மையாக இருப்பதாக எண்ணிக்கொண்டு, எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளையை மறந்த நம்மிடம் இருக்கிறது. வகுப்பில் கதை சொல்லும்போது நம் வாயில் வரும் தமிழ், வினாநிரலை எழுத உட்கார்ந்ததும் எங்கே போய்விடுகிறது?

வழி இல்லாமல் இல்லை. சூசன் ஹார்ட்டர் என்னும் உளவியலார் 1982இல் சிறுவர்க்கென வெளியிட்ட அளவையில் உடன்பாடு, மறுப்பு என்பதையே விலக்கினார். இருவகைப் பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். அம்முறையைப் பின்பற்றி நான் எழுதிப்பார்த்தது இது: 'சில பிள்ளைகள் வகுப்பில் தெரியாததை உடனே கேட்பார்கள். வேறு சில பிள்ளைகள் கேட்காமல் இருந்துவிடுவார்கள். நீ யாரைப் போல?' யாரைப் போல என்று தேர்ந்தபின், அது தனக்கு முழுதும் பொருந்துமா ஓரளவு பொருந்துமா என்று பிள்ளை சொல்லும். இரண்டு வகைப் பிள்ளைகளும் உலகில் உண்டு என்று தாளே சொல்லிவிடுவதால், ஆசிரியர்க்கு எது பிடிக்கும் என்று தேடும் அச்சம் குறைகிறது. முதன்முறை காணும் பிள்ளைகள் இரண்டு பக்கமும் குறியிட்டுவிடுவர். ஆதலின் பயிற்சி வினா ஒன்றைக் கரும்பலகையில் செய்துகாட்ட வேண்டும். பத்து நிமிடம் கூடுதலாகும். தாயார் ஒருவரின் ஒருநாள் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று.

அப்பட்டியலைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் பதினொரு பிள்ளைகளின் பெற்றோர்க்கும் கடிதம் எழுதினேன். அவருள் இருவர்க்கு மெய்யாகவே துணை தேவைப்பட்டது. அதனைக் கண்டறிந்தவர் வகுப்பாசிரியை, வினாநிரலன்று. அதே வகுப்பில் 30க்கு 24 பெற்ற ஒரு சிறுவன் ஓராண்டாக வீட்டில் பேச ஆளின்றி இருந்தான் என்பது பின்னர்த் தெரிந்தது. அவன் நன்றாக வாசிப்பவன்.

அதன்பின் எங்கள் பள்ளிக்கு வரும் எந்த வினாநிரலையும் முதலில் ஐந்து பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகக் கொடுத்து, கூற்றுதோறும் பொருள் சொல்லக் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே ஓரத்தில் எழுதி, அனுப்பியவர்க்கே திருப்பி அனுப்புகிறோம். சென்ற தவணையில் அவ்வாறு சென்ற தாளில் ஏழாம் கூற்றுக்கு மூன்று பிள்ளைகள் மூன்று பொருள் சொல்லியிருந்தனர், ஒருத்தி, "இது கேள்வியா, ஐயா?" என்று கேட்டதையும் எழுதி அனுப்பினேன். மறுமொழி இன்னும் வரவில்லை.